ஊசி குத்தாமல் இரத்தம் பார்க்கலாமா?

(எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் சுகாதாரக் கருத்தரங்கில், சுகாதாரத் துறையில் பணியாற்றும் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த உரையை நாங்கள் பலர் சேர்ந்து எழுதினோம். எங்களில் தாதியர் இருக்கிறார்கள். லயம் லயமாக ஏறி இறங்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள், நீங்கள் "மிஸ்ஸி" என்று கூப்பிடுகிறவர்கள், இருக்கிறார்கள். வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் வேலை செய்வோரும் இருக்கிறார்கள். ஆகவே ஒலிப்பது ஒரு குரலாக இருந்தாலும் கருத்து எங்கள் எல்லாருடையதும்.

நூற்றாண்டு நினைவாகச் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு நிலைத்து நிற்கிற ஓர் உதவியைச் செய்ய வேண்டும் என்று சங்கம் தீர்மானித்ததை நீங்கள் அறிவீர்கள். வெளிநாடுகளில் வாழும் எமது சகோதரிகளிடமிருந்து ஒரு யோசனை வந்தது. விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் போதும், ஊசியில்லை, இரத்தமில்லை, வலியில்லை, ஒரு நிமிடத்தில் உடம்பிலுள்ள ஈமோகுளோபின் எவ்வளவு என்று திரையில் இலக்கம் வரும். அப்படிப்பட்ட கருவிகள் சிலவற்றை வாங்கித் தருகிறோம் என்றார்கள். நல்ல மனதோடு வந்த யோசனை. விழாக் குழுவினர் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அந்தக் கருவி சொல்வதை நம்பலாமா?" அதற்கு எங்கள் பதிலே இந்த உரை.

இரத்தம் பத்தாது என்றால்

குருதிச்சோகை என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். லயத்தில் அதற்குப் பெயர் "இரத்தம் பத்தாது". செங்குழியங்களுக்குள் இருக்கும் ஈமோகுளோபின்தான் நுரையீரலிலிருந்து ஒட்சிசனைச் சுமந்து உடம்பெங்கும் கொண்டு போகிறது. அது குறைந்தால் படி ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். கர்ப்பிணித் தாய்க்குக் குறைந்தால் குழந்தை நிறை குறைந்து பிறக்கலாம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பிள்ளைப்பேற்றின்போது எந்தத் தாய்க்கும் இரத்தம் போகத்தான் செய்யும். நல்ல சேமிப்பு உள்ளவள் அதைத் தாங்குவாள். ஏற்கெனவே குறைந்திருப்பவள் அதே அளவு இழப்பில் சரிந்துவிடுவாள். பெரிய வைத்தியசாலைக்குப் போக மலைப்பாதையில் வெகுதூரம் இறங்க வேண்டிய எங்களுக்கு இது புத்தகச் செய்தியாக மட்டும் இருந்ததில்லை.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கில், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை. கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் எல்லை 11. நடு மூன்று மாதத்தில் 10.5. கர்ப்பிணிக்கு 7க்குக் கீழே போனால் கடுமையான நிலை. இந்த இலக்கங்களைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் சில இலக்கங்களுக்கு இடையில் ஒரு கிராமோ அதற்கும் குறைவோதான் வித்தியாசம் என்றாலும், அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் ஒரு தாய்க்கு என்ன வைத்தியம் என்பது முடிவாகிறது.

மலைநாட்டில் இந்தக் கதை பழையது. எமது பாடசாலைக்கு அத்திவாரம் போடுவதற்கும் முன்பே, 1916 இல், அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று வேலை செய்த எம் பாட்டிமாரின் குடலில் ஒட்டியிருந்து அந்தப் புழு இரத்தத்தைக் குடித்தது. இன்று கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குப் பூச்சிமாத்திரை கொடுப்பதன் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது.

அளந்த விதங்கள்

இரத்தம் போதுமா என்று பார்க்க மிகப் பழைய வழி கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்ப்பது. வெளிறியிருந்தால் சோகை. மிகவும் குறைந்திருந்தால் இது காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் குறைந்திருந்தால் ஏமாற்றிவிடும். 1900 ஆம் ஆண்டளவில் பின்லாந்து வைத்தியர் தல்குவிஸ்ட், ஒற்றுத்தாளில் ஒரு துளி இரத்தத்தை விட்டு நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைச் செய்தார். 1902 இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் ஹேர்மன் சாலி, இரத்தத்தோடு அமிலம் கலந்து வரும் கபில நிறத்தைக் கண்ணாடிக் குழாயில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைத் தந்தார். எங்களில் மூத்தவர்கள் பயிற்சிக் காலத்தில் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, "இது சரியா, இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவா" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டதுண்டு. பார்ப்பவரின் கண்ணுக்கேற்ப விடை மாறும்.

இரத்ததான முகாமுக்குப் போனவர்கள் நீலக் கரைசலைப் பார்த்திருப்பீர்கள். அது செப்புச் சல்பேற்று. அதன் சாரடர்த்தி 1.053. உங்கள் இரத்தத் துளி அதில் மூழ்கினால் ஈமோகுளோபின் 12.5 அல்லது அதற்கு மேல். மிதந்தால் "இன்றைக்கு வேண்டாம் தங்கச்சி" என்று அனுப்பிவிடுவார்கள். ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது ஆய்வுகூடத்தின் தானியங்கிக் கருவி. கையின் நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் அது முழு எண்ணிக்கையையும், அதாவது எப்.பி.சி.யை, தருகிறது. 2024 இல் வெளியான உலக சுகாதார ஸ்தாபன வழிகாட்டியும் நாள இரத்தத்தையும், தரக்கட்டுப்பாடு செய்யப்பட்ட தானியங்கிக் கருவியையுமே பரிந்துரைக்கிறது.

ஒளி எப்படி இரத்தத்தை அளக்கிறது?

கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டும் ஒட்சிமானியை எல்லாரும் அறிந்துகொண்டோம். அதன் அடிப்படையை 1972 இல் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி. கிளிப்பின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளியும் விரலுக்குள் செல்கின்றன. ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபின் ஒரு விதமாகவும், ஏற்றாதது வேறு விதமாகவும் அவற்றை உறிஞ்சும். நாடி துடிக்கும்போது மட்டும் மாறுகிற ஒளியைப் பிரித்தெடுத்து, நூற்றுக்கு எத்தனை பங்கு ஒட்சிசன் ஏறியிருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒட்சிமானி சொல்வது பங்கு. மொத்தம் எவ்வளவு ஈமோகுளோபின் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. இரத்தம் மிகவும் குறைந்த தாயின் விரலிலும் அது 98 என்று காட்டலாம். இருக்கிற கொஞ்சமும் ஒட்சிசனை நன்றாகச் சுமக்கிறது என்பதே அதன் பொருள். "ஒட்சிசன் 98, இரத்தம் நல்லாயிருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மொத்த அளவை ஒளியால் காண்பது இதைவிடக் கடினம். பிளேன்டீ எவ்வளவு சாயம் என்று கிளாசுக்கு வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். கிளாசின் அகலம் தெரிந்தால் சொல்லிவிடலாம். அகலம் தெரியாவிட்டால்? அகலக் கிளாசில் லேசான சாயமும் கறுப்பாகத் தெரியும். ஒடுங்கிய கிளாசில் கடும் சாயமும் வெளிறித் தெரியும். விரலும் அப்படித்தான். ஆளுக்கு ஆள் தடிப்பு வேறு, தோல் வேறு, உள்ளே ஓடும் இரத்தத்தின் அளவு வேறு. அதனால் இரண்டு ஒளி போதாமல், பல அலைநீளங்களில் ஒளியைச் செலுத்தி, முன்பு பலரிடம் அளந்து சேர்த்த தரவுகளோடு ஒப்பிட்டுக் கருவி ஒரு மதிப்பீட்டைச் சொல்கிறது. அமெரிக்காவின் மாசிமோ நிறுவனத்தின் இத்தகைய கருவிக்கு 2008 இல் அந்நாட்டு அனுமதி கிடைத்தது. இஸ்ரேலின் ஓர்சென்ஸ் கருவி விரலை ஒரு வளையத்தால் சிறிது நேரம் இறுக்கி, ஓட்டத்தை நிறுத்திவிட்டு அளக்கிறது. நகத்தைப் படம் எடுத்துச் சொல்லும் கைப்பேசிச் செயலி ஒன்றைப் பற்றி அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார் 2018 இல் எழுதினார்கள்.

சராசரியும் தராசும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்தக் கருவிகள் எவ்வளவு சரி?

2014 இல் ஒரு குழுவினர் அதுவரை வெளிவந்த 32 ஆய்வுகளை, மொத்தம் 4425 பேரின் அளவீடுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒளிக் கருவி காட்டியதற்கும் ஆய்வுகூடம் காட்டியதற்கும் இடையிலான சராசரி வித்தியாசம் வெறும் 0.10 கிராம். கேட்டவுடன் "அடடா, எவ்வளவு துல்லியம்" என்றுதான் தோன்றும். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு, வித்தியாசம் 2.59 கிராம் குறைவிலிருந்து 2.80 கிராம் கூடுதல் வரை எங்கேயும் இருக்கலாம்.

இதைத் தோட்டத்துத் தாய்மாருக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. கொழுந்துத் தராசு தெரியும் உங்களுக்கு. ஒரு தராசு இன்றைக்கு உங்கள் கொழுந்தை இரண்டு கிலோ கூட்டிக் காட்டுகிறது, நாளைக்கு இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று வையுங்கள். மாதக் கடைசியில் சராசரி சரியாகத்தான் இருக்கும். கணக்கப்பிள்ளை "தராசில் பிழையே இல்லை" என்பார். ஆனால் குறைத்துக் காட்டிய அன்றைக்கு அரைப்பேர் விழுந்தவளுக்கு அந்தச் சராசரியால் என்ன பயன்? கருவியின் சராசரி தொழிற்சாலைக்கு உதவும். தராசடியில் நிற்கும் ஒருத்திக்கு அன்றைய நிறையே முக்கியம்.

மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் என்ற இரண்டு புள்ளிவிபரவியலாளர்கள் 1986 இல் இதைத்தான் வைத்திய உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். இரண்டு கருவிகளின் இலக்கங்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதாலேயே அவை ஒத்துப்போகின்றன என்று ஆகிவிடாது. ஒரு தனி ஆளிடம் எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த விலகலை எங்கள் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கருவி 11.5 என்று காட்டுகிறது. உண்மை அளவு 8.7 ஆக இருக்கலாம், 14.1 ஆகவும் இருக்கலாம். முதலாவது ஆளுக்கு உடனே வைத்தியம் வேண்டும். இரண்டாவது ஆளுக்கு எதுவுமே வேண்டாம். இருவருக்கும் திரையில் தெரிவது ஒரே இலக்கம். நகத்தைப் படமெடுக்கும் செயலிக்கும் விலகல் சுமார் 2.4 கிராம் என்றே அதை உருவாக்கியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் கைகளும் எங்கள் மலையும்

அந்த ஆய்வுகளில் கணிசமானவை சத்திரசிகிச்சைக் கூடத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நடந்தவை. இறம்பொடையில் காலை பெரட்டுக்குப் போகும் கை வேறு. மூடுபனியிலும் ஈரத்திலும் விரல் விறைத்திருக்கும். குளிரில் விரல் நுனிக்குப் போகும் இரத்தம் சுருங்கும். நாடித்துடிப்பு மெலிந்தால் கருவிக்குக் கிடைக்கும் செய்தியும் மெலியும், பிழை கூடும். கொழுந்துக் கறை படிந்த விரல், காய்ப்புக் காய்த்த தோல், மருதாணி, நகப்பூச்சு எல்லாம் ஒளியின் வழியில் நிற்பவை. தோலின் நிறமும் சேர்ந்துகொள்ளும். ஒட்சிமானி பற்றி 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று எல்லாரையும் விழிக்க வைத்தது. கருவி நல்ல இலக்கம் காட்டியபோதும் உண்மையில் ஒட்சிசன் அபாயமாகக் குறைந்திருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். பல ஆண்டுகள் உலகமெங்கும் பாவித்த கருவியிலேயே இப்படியென்றால், அதே ஒளியை வைத்து இன்னும் கடினமான கணக்குப் போடும் கருவியை எம் தாய்மாரின் விரலில் சோதித்துப் பார்க்காமல் எப்படி ஏற்றுக்கொள்வது?

அடுத்தது மலை. உயரம் கூடக் கூடக் காற்றில் ஒட்சிசன் குறைவு. அதை ஈடுசெய்ய உடம்பு ஈமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் மலையில் வாழ்பவருக்கு அளந்து வரும் இலக்கத்திலிருந்து கொஞ்சம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். 2024 வழிகாட்டி அந்தக் கழிவை முன்னையதைவிடக் கூட்டியிருக்கிறது. 500 மீற்றரிலிருந்து 999 வரை 0.4 கிராம், 1000 இலிருந்து 1499 வரை 0.8; 1500 இலிருந்து 1999 வரை 1.1. கொத்மலை நீர்த்தேக்கம் சுமார் 700 மீற்றரில் இருக்கிறது. அங்கிருந்து இறம்பொடை வளைவுகளில் ஏறி 1868 மீற்றரிலுள்ள நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போகும்போது இந்த மூன்று படிகளையும் தாண்டுகிறோம். நுவரெலியாவில் எட்டாம் மாதக் கர்ப்பிணிக்கு ஆய்வுகூடமே 11.6 என்று தந்தாலும், 1.1 கழித்தால் 10.5. அதாவது அவளுக்குச் சோகை இருக்கிறது. கொழும்பில் அதே 11.6 நல்ல இலக்கம். கருவி எந்த மலையில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. பார்க்கிற நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

கருவிப் பிழையும் மலைக் கழிவும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை எங்களில் ஒருவரின் உறவுக்காரப் பிள்ளையிடம் கண்டோம். ஐந்தாம் மாதம். ஒரு வைத்திய முகாமில் விரலில் கிளிப் மாட்டி 11.4 என்று சொல்லி, "இரத்தம் நல்லாயிருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். கொழுந்துக் கூடையோடு ஏறும்போது நின்று நின்று போனாள். கேட்டதற்கு, "ஏலாமத்தான் இருக்கு அக்கா, ஆனா மெசின்ல சரியாத்தானே காட்டுச்சு" என்றாள். கிளினிக்கில் கையிலிருந்து இரத்தம் எடுத்தபோது வந்த விடை 8.9. மலைக் கழிவையும் சேர்த்தால் இன்னும் கீழே. வைத்தியம் தொடங்கியது, பூச்சிமாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒழுங்காக எடுத்தாள், தாயும் பிள்ளையும் சுகம். எங்கள் மனதில் தங்கியிருப்பது அவள் சொன்ன அந்த ஒரு வசனம். தன் உடம்பு சொன்னதைவிட மெசின் சொன்னதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாள்.

விரலில் குத்தினால் மட்டும் சரியா?

ஒளிக் கருவியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. விரலில் குத்தி ஒரு துளி எடுத்துப் பார்க்கும் முறையிலும் பிழை உண்டு. விரலைப் பிழிந்தால் இரத்தத்தோடு இழையத் திரவமும் கலந்து இலக்கம் இறங்கிவிடும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் 2015 இல், ஒரே விரலில் அடுத்தடுத்து எடுத்த துளிகளே ஒன்றுக்கொன்று வேறுபட்ட விடை தந்ததைக் காட்டினார்கள். ஹீமோகியூ போன்ற சிறு கருவிகள் நல்லவைதான். ஆனால் அவற்றின் சில வகைகளுக்கு வேண்டிய சிறு பிளாஸ்டிக் தகடுகள், டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தில் கெட்டுவிடும். இறம்பொடையின் ஈரக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள இரத்தம், ஆய்வுகூடம், தரக்கட்டுப்பாடு என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒளிக் கருவிக்கும் அதற்குரிய இடம் உண்டு. நீண்ட சத்திரசிகிச்சையின்போது, ஒரே ஆளின் விரலில் தொடர்ந்து மாட்டியிருந்து, இலக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம். இறங்கினால் உடனே இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லும் மணியாக அது உதவும். ஊசிக்கு அலறும் சின்னப் பிள்ளைகளிடமும், கூட்டமான முகாமிலும், யாரை முதலில் அனுப்புவது என்று பிரிக்க உதவும். ஆனால் பேற்றின் பின் இரத்தப்போக்கில் எந்தக் கருவியின் ஈமோகுளோபினையும் நம்பிக் காத்திருக்கக்கூடாது. இரத்தம் போகத் தொடங்கிய சிறிது நேரத்துக்கு, மீதியிருக்கும் இரத்தத்தின் செறிவு மாறாமலே இருக்கும். நாடி, இரத்த அழுத்தம், போகும் இரத்தத்தின் அளவு, தாயின் முகம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் பரிந்துரை

ஆகவே விழாக் குழுவினருக்கு எங்கள் பதில் இது. ஒளிக் கருவி "குறைவு" என்று சொன்னால் கேளுங்கள். "சரி" என்று சொன்னால் அதை வைத்து எந்தத் தாயையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு ஆய்வுகூடப் பரிசோதனைக்குப் பதிலாக அதைப் பாவிக்க வேண்டாம்.

யாராவது முகாமுக்கு அத்தகைய கருவியைக் கொண்டுவந்தால் நாம் செய்ய வேண்டியவை சில. கையை வெந்நீரிலோ துணியிலோ சூடாக்குங்கள். கறையையும் நகப்பூச்சையும் அகற்றுங்கள். ஆட்டாமல் மூன்று தடவை பாருங்கள். வந்த இலக்கத்தோடு, "விரல் கிளிப்பில் பார்த்தது" என்றும், எந்தத் தோட்டம் என்றும் எழுதிக் கொடுங்கள். மூச்சு வாங்குகிறது, களைக்கிறது, மாதவிடாய் அதிகம் என்று ஒருத்தி சொன்னால், இலக்கம் என்னவாக இருந்தாலும் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கித் தர முன்வரும் சகோதரிகள் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கர்ப்பிணிகளிடம் சோதித்ததா? எங்களைப் போன்ற தோல் நிறமுள்ளவர்களிடம் சோதித்ததா? சராசரியை விடுங்கள், தனி ஆளிடம் எவ்வளவு விலகும்? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

அந்தப் பணத்துக்கு நாங்கள் வேறொரு வழி சொல்கிறோம். எங்கள் தாய்மார் பரிசோதனைக்குப் போகாமல் விடுவது ஊசிக்குப் பயந்து என்று வெளியில் நினைக்கிறார்கள். நாங்கள் கண்டது அப்படியில்லை. அன்றைய பேர் போய்விடும். ஆட்டோவுக்குக் காசு வேண்டும். பிள்ளைக்காம்பரா மூடுவதற்குள் திரும்ப வேண்டும். ரிப்போர்ட் எடுக்க இன்னொரு நாள் போக வேண்டும். இரத்தம் எடுப்பதற்கும் ரிப்போர்ட்டுக்குமான போக்குவரத்துச் செலவையும், இழக்கும் சம்பளத்தில் ஒரு பங்கையும் ஈடுசெய்யும் நிதியொன்றைச் சங்கம் தொடங்கட்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி, குறித்த நாளில் ஒரே வாகனத்தில் தாய்மாரை அழைத்துப் போகலாம். அதற்கு மேலும் பணமிருந்தால், பணிமனை சம்மதித்தால் மட்டும், விரலில் குத்திப் பார்க்கும் நல்ல கருவியொன்றை, தகடுகளுக்கும் சரிபார்ப்புக்கும் வேண்டிய செலவோடு சேர்த்துக் கொடுக்கலாம். தகடு தீர்ந்த கருவி அலுமாரியில் தூங்கும்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தேத்தண்ணீர் குடிக்காதீர்கள். தேயிலையிலுள்ள பொருள்கள் இரும்புச்சத்தைக் குடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். நாங்களே பறித்த தேயிலையைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வதில் தப்பில்லை. கீரையோடு தேசிக்காய் பிழியுங்கள். கொய்யா, நெல்லி கிடைத்தால் விடாதீர்கள்.

தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது பௌதிகமோ உயிரியலோ புள்ளிவிபரவியலோ படித்துப் பல்கலைக்கழகம் போவீர்கள். இந்தக் கருவிகள் நாளுக்கு நாள் திருந்தி வருகின்றன. அவற்றை எங்கள் மலையில், எங்கள் தாய்மாரின் குளிர்ந்த விரல்களில் மாட்டி, அதே நேரத்தில் எடுத்த நாள இரத்தத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ஆய்வை நீங்கள் செய்யுங்கள். அதன் முடிவு நன்றாக வந்தால், இன்று நாங்கள் "வேண்டாம்" என்று சொன்ன அதே கருவியை வாங்கும்படி அடுத்த தலைமுறை மாணவியர் இதே மேடையில் சொல்லட்டும். கேட்க நாங்கள் இருந்தால் மகிழ்ச்சியோடு கைதட்டுவோம்.

இந்தப் பள்ளி எங்களுக்கு எண்களைக் கற்றுத் தந்தது. எண்ணைக் கேள்வி கேட்கவும் கற்றுத் தந்தது. நூறாண்டு கண்ட எம் அன்னை இன்னும் பல நூறாண்டு வாழ வாழ்த்துகிறோம்.